இணையத்தில் நம் குறும்படங்கள்: காட்டுவதும் காப்பதும்

(பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவு, சாந்தோம், சென்னை)



பண்டிதர் பெயரில் நடக்கும் சொற்பொழிவில் குறும்படத்துக்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். பண்டிதர் மறைந்தது 1914 மே மாதம். இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் என்று சொல்லப்படும் 'ராஜா ஹரிச்சந்திரா' அதற்கு ஒரு வருடம் முன்புதான் வெளியானது. ஆகவே சினிமா பற்றி அவர் என்ன நினைத்தார் என்று தேட நான் வரவில்லை. அவர் செய்த ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு, இன்றைக்கு நம் பிள்ளைகள் செய்துகொண்டிருக்கும் ஒரு காரியத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வந்திருக்கிறேன்.

1907 ஜூன் 19, புதன்கிழமை. இங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய ராயப்பேட்டையிலிருந்து நான்கு பக்கத்தில் ஒரு வாரப் பத்திரிகை வந்தது. பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பெயராக வைத்த பத்திரிகை. யார் வாங்க வேண்டும் என்று நினைத்தார்களோ அவர்கள் கையில் என்ன இருக்கும் என்று தெரிந்து வைத்த விலை. அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆனது. கோலார் தங்கவயலில் படித்தார்கள், ரங்கூனில் படித்தார்கள், தென்னாப்பிரிக்கா வரைக்கும் போயிற்று. 1920 ஜனவரியில் பாபாசாகேப் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதற்கு விளம்பரம் போட 'கேசரி' பத்திரிகை மறுத்துவிட்டது. அடுத்தவன் அச்சகத்தில் நமக்கு இடமில்லை என்றால் நாமே அச்சடிப்பது என்ற முடிவுக்கு நம் முன்னோர் நூறு வருடத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள்.

கையில் இருக்கும் செல்போனில் பத்து நிமிடப் படம் எடுத்து, நண்பன் மடிக்கணினியில் வெட்டி ஒட்டி, யூடியூபில் ஏற்றும் நம் பிள்ளைகள் அந்த முடிவின் தொடர்ச்சிதான். அவர்கள் ஏற்றிவிட்டார்கள். அது போதுமா என்பதுதான் இன்று நான் பேச விரும்புவது.

ஐரோப்பாவில் ஒரு குறும்படத்துக்குப் பின்னால்

சாந்தோமுக்கு ஐரோப்பா புதிதல்ல. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்து குடியேறிய கரை இது. அதனால் முதலில் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவோம். வியப்பதற்காகப் பார்க்க வேண்டாம், கணக்குப் பார்ப்பதற்காகப் பார்ப்போம்.

1962 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் நகரில் நடந்த குறும்பட விழாவில் 26 இளம் படைப்பாளிகள் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். பழைய சினிமா செத்துவிட்டது, புதிய சினிமாவை நாங்கள் எடுப்போம் என்பது அதன் சாரம். தொழிலின் வழக்கங்களிலிருந்தும், பணம் போடுபவர்களின் தலையீட்டிலிருந்தும் விடுதலை கேட்டார்கள். அவர்களிடம் அப்போது இருந்தது குறும்படங்கள்தான். ஆனால் அந்த அறிக்கை காகிதத்தோடு நிற்கவில்லை. 1965இல் இளம் இயக்குநர்களுக்குப் பணம் கொடுக்க அரசு சார்ந்த ஓர் அமைப்பு வந்தது. 1966இல் பெர்லினில் திரைப்படக் கல்லூரி வந்தது.

இன்றைய நிலைக்கு வாருங்கள். பிரான்சின் யூனிஃபிரான்ஸ் அமைப்பு 2011 முதல் இணையத்திலேயே ஒரு திரைப்பட விழா நடத்துகிறது. புதிய இயக்குநர்களின் படங்களும் குறும்படங்களும் பல மொழிகளில் சப்டைட்டிலோடு உலகம் முழுக்கப் போகின்றன. செக் நாட்டின் கார்லோவி வாரி விழாவில் 2015 முதல் ஆண்டுதோறும் ஐரோப்பியத் திரைப்பட மாணவர்கள் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து அறிமுகப்படுத்துகிறார்கள். 2020 மே மாதம் கொரோனா ஊரடங்கில் ஓபர்ஹவுசன் விழா முழுவதும் இணையத்துக்கு மாறியது. சாந்தோமில் ஒரு குடித்தன அறையில் உட்கார்ந்துகொண்டு ஒரு மாணவி அந்தப் படங்களைப் பார்க்க முடிந்தது. நல்ல விஷயம்தான், பார்க்க வேண்டும்.

பார்க்கும்போது அந்தப் பத்து நிமிடப் படத்தின் கடைசியில் ஓடும் பெயர்களையும் நிறுத்திப் படியுங்கள். அரசு நிதி, திரைப்படக் கல்லூரி, தொலைக்காட்சி நிலையம் என்று வரிசையாக வரும். அதற்கும் மேலே ஒரு தேர்வுக்குழு இருக்கிறது, மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார், எழுதுகிற விமர்சகர் இருக்கிறார், மூலப்படியைக் குளிர்ந்த அறையில் வைத்துக் காக்கிற ஆவணக் காப்பகம் இருக்கிறது. பணம், தேர்வு, மொழிபெயர்ப்பு, விவாதம், காப்பு என்று ஐந்து கைகள் சேர்ந்து தூக்கித்தான் அந்த இளைஞரின் படம் நம் கண்ணுக்கு முன்னால் வருகிறது. நம் பிள்ளைகளின் படத்துக்கு இந்த ஐந்தில் ஒன்றும் இல்லை. அப்லோட் பொத்தான் மட்டும் இருக்கிறது.

திறந்த கதவும் துரத்திய கைகளும்

அந்தப் பொத்தானை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது நமக்கு என்ன கொடுத்தது என்பதற்கு இரண்டு உதாரணம் போதும்.

1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி, பொதுவில் காட்டும் படம் ஐந்து நிமிடம் ஓடினாலும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். விழாக்களில் சான்றிதழ் இல்லாமல் காட்ட ஒன்றிய அமைச்சகத்திடம் விலக்கு வாங்க வேண்டும். 2017 ஜூனில் கேரளத்தின் ஆவணப்பட, குறும்பட விழாவில் மூன்று படங்களுக்கு அந்த விலக்கு மறுக்கப்பட்டது. ஒன்று காஷ்மீர் பற்றியது, ஒன்று ஜே.என்.யூ. மாணவர்கள் பற்றியது. மூன்றாவது, ரோகித் வெமுலாவின் மரணத்தை ஒட்டி பி.என். ராமச்சந்திரா எடுத்த படம். அரங்கத்துக்குள் வரக்கூடாது என்று தடுக்கப்பட்டவை எவை என்று பாருங்கள். அப்போதே காஷ்மீர் படம் யூடியூபில் இருந்தது. கதவைப் பூட்டியவர்களுக்கு ஜன்னல் திறந்திருப்பது தெரியவில்லை.

அதே 2017இல் நம் மாநிலத்தில் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' வந்தது. மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றிய ஆவணப்படம். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இலேயே வந்துவிட்டது. 1993க்குப் பிறகு சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லிவிட்டது. இந்தச் சட்டமும் தீர்ப்பும் இருக்கும் நாட்டில் என்ன நடக்கிறது என்று அந்தப் படம் காட்டியது. திரையிடக் காவல் துறை அனுமதி மறுத்தது. படம் யூடியூபுக்குப் போனது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் மலிவாகியிருந்த நேரம் அது. அரங்கில் இருநூறு பேர் பார்த்திருக்க வேண்டிய படத்தை லட்சக்கணக்கானோர் கையிலேயே பார்த்தார்கள்.

பிறகு நடந்ததையும் நாம் பேச வேண்டும். 2009இல் ஒரு தலித் மாணவரின் மரணத்தை ஒட்டி நடந்த போராட்டம் தொடர்பான பழைய வழக்கைத் தூசி தட்டி எடுத்து, 2017 ஜூலையில் இயக்குநரைக் கைது செய்தார்கள். படத்துக்காகவும் வழக்குப் போட்டார்கள். கைப்பேசியில் ஆபாச வசவுகளும் மிரட்டல்களும் குவிந்தன. படத்தில் ஒரு சாதியின் பெயர் இடம்பெற்றது என்று சொல்லிக் கிளம்பிய எதிர்ப்பு ஒடுக்கப்பட்டோர் மத்தியிலிருந்தும் வந்தது. இதை இந்த மேடையில் மறைப்பதால் யாருக்கும் லாபமில்லை. இணையம் படத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கூடவே படம் எடுத்தவரின் வீட்டு வாசலுக்கு வெறுப்பையும் கொண்டுவந்து சேர்க்கிறது. படத்துக்கும் பார்வையாளருக்கும் நடுவில் ஓர் அமைப்பு, ஒரு விவாதக் கூட்டம், பதில் சொல்ல நான்கு பேர் இருந்திருந்தால் அந்தப் பெண் அவ்வளவையும் தனியாகத் தாங்கியிருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. படம் எடுத்தவர் சென்னைக்கு வந்துவிடுவார். படத்தில் பேசியவர் அதே தெருவில்தான் இருப்பார். நாளைக்கும் அதே டீக்கடை வழியாகத்தான் போவார். அரங்கில் காட்டுவதற்குச் சம்மதம் சொன்ன ஒருவர், உலகமே பார்க்கும் இடத்தில் தன் முகம் இருப்பதற்குச் சம்மதம் சொன்னதாக ஆகாது. இந்த இரண்டாவது சம்மதத்தைத் தனியாகக் கேளுங்கள். மறுத்தால் முகத்தை மறைத்துக் காட்டுங்கள். படம் கொஞ்சம் பலவீனமானாலும் பரவாயில்லை.

எதைக் காட்டச் சொல்கிறார்கள்?

குறும்படத்தைச் சினிமாவுக்குப் போகும் நுழைவுச் சீட்டாக மட்டும் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. 2009இல் கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கிய 'நாளைய இயக்குநர்' அதற்கு ஒரு காரணம். கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் எல்லாம் அந்த வழியாக வந்தவர்கள்தான். பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' இணையத்தில் பரவிப் பிறகு முழுநீளப் படமாகவே ஆனது. வாய்ப்புக் கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் நுழைவுச் சீட்டாக எடுக்கும் படம் தயாரிப்பாளருக்குப் பிடிக்கிற மாதிரிதான் இருக்கும். அதில் சேரி வராது.

இந்தப் பக்கம் இப்படி என்றால், மறுபக்கம் விழாக்களின் எதிர்பார்ப்பு வேறு மாதிரி. ஐரோப்பிய மாணவர் ஒருவர் கோடை விடுமுறையில் சலித்துப்போன ஒரு பெண்ணைப் பற்றிப் பத்து நிமிடம் எடுக்கலாம். அவரிடம் யாரும் சமூகப் பிரச்சினை எங்கே என்று கேட்பதில்லை. நம் பிள்ளையிடம் மட்டும் காயத்தைக் காட்டு என்கிறார்கள். காயம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய கைதட்டல்.

இந்தக் கேள்வியையே படமாக்கியவர் ராஜேஷ் ராஜாமணி. 'தி டிஸ்க்ரீட் சார்ம் ஆஃப் தி சவர்ணாஸ்' என்ற அவருடைய குறும்படம் 2020 டிசம்பரில், பா. ரஞ்சித்தின் நீலம் தயாரிப்பாக யூடியூபில் வெளியானது. முற்போக்கு பேசும் மூன்று சவர்ண சினிமாக்காரர்கள் தங்கள் படத்துக்கு 'தலித் மாதிரி தெரிகிற' ஒரு நடிகரைத் தேடி மும்பையில் அலைகிறார்கள். அவ்வளவுதான் கதை. 1972இல் லூயி புனுவல் பூர்ஷ்வாக்களைக் கேலி செய்து எடுத்த புகழ்பெற்ற படத்தின் தலைப்பை எடுத்து, நம் ஊர்ச் சவர்ணர்களுக்குச் சூட்டியிருக்கிறார். ஐரோப்பிய சினிமாவிலிருந்து எதைக் கற்றுக்கொள்வது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கற்றுக்கொண்டதை வைத்து யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்திருக்கிறார். அந்தப் படத்தில் அடி இல்லை, பிணம் இல்லை, கண்ணீர் இல்லை. பார்த்து முடித்த பிறகு சிரித்தவன் சங்கடப்படுகிறான். நம் பிள்ளைகள் நகைச்சுவை எடுக்கட்டும், காதல் எடுக்கட்டும், பேய்ப்படம் எடுக்கட்டும். அழுகைக்கு மட்டும்தான் நமக்கு உரிமம் என்று யாரும் எழுதித் தரவில்லை.

ஊர், சேரி, காலனி

மொழிபெயர்ப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சப்டைட்டில் என்றால் கடைசி நாள் இரவில் யாரோ ஒரு நண்பனிடம் கொடுத்து முடிக்கிற வேலை என்றுதான் நினைக்கிறோம்.

ஒரு படத்தில் பாட்டி சொல்கிறாள்: "ஊருக்குள்ள செருப்புப் போட்டுட்டுப் போகாத." சப்டைட்டிலில் ஊர் என்பது 'வில்லேஜ்' என்று வருகிறது. அடுத்த காட்சியில் "நம்ம சேரிக்கு வந்து பாரு" என்கிறாள். அதுவும் 'வில்லேஜ்' என்றே வருகிறது. படத்தின் மொத்தச் சண்டையும் இந்த இரண்டு சொல்லுக்கு நடுவில்தான் இருக்கிறது. பாரிஸில் பார்ப்பவருக்கு அது காணாமல் போய்விட்டது. 'காலனி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் காலனிக்காரன் என்றால் என்ன அர்த்தம் என்று குழந்தைக்கும் தெரியும். அதில் இருக்கும் இழிவு காரணமாகத்தான் அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்தச் சொல்லை அப்படியே ஆங்கிலத்தில் போட்டால் ஐரோப்பியப் பார்வையாளர் வெள்ளைக்காரன் ஆட்சியைத்தான் நினைப்பார்.

பாமாவின் 'கருக்கு' 1992இல் மதுரையில் வெளியானது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000இல் வந்தது. அதன் பிறகுதான் அது உலகப் பல்கலைக்கழகங்களுக்குள் போனது. அந்த மொழிபெயர்ப்புக்குக் கொடுத்த கவனத்தில் நூறில் ஒரு பங்கு நம் குறும்படத்துக்குக் கொடுத்தால் போதும். இலக்கிய அமைப்பு என்று நாம் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம். சொல்லோடு பழகியவர்கள் நாம். இந்த வேலையை நாம் செய்யாமல் வேறு யார் செய்வார்கள்? முதலில் தமிழிலேயே சப்டைட்டில் போடுங்கள். காது கேளாதவர்களும் நம் மக்கள்தான். நாகர்கோவில் பேச்சு திருவள்ளூருக்கும், திருவள்ளூர் பேச்சு நாகர்கோவிலுக்கும் விளங்க வேண்டும்.

வாடகை வீடு

இப்போது பண்டிதரிடம் திரும்புகிறேன். 'தமிழன்' இத்தனை ஊர்களில் படிக்கப்பட்ட பத்திரிகை. ஆனாலும் அவர் மறைந்த பின் பல பத்தாண்டுகள் தமிழ் அறிவுலகம் அவரைத் தெரியாது என்றே காலம் தள்ளியது. பெரிய நூலகங்கள் அந்த இதழ்களைத் தேடி வைத்துக் காக்கவில்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தங்கள் வீட்டில் வைத்துக் காத்தார்கள். அப்படிக் கிடைத்தவற்றைத் தொகுத்து ஞான. அலாய்சியஸ் 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளியிட்டார். இன்று நாம் பண்டிதரைப் பேசுகிறோம் என்றால், யாரோ ஒருவர் பழுப்பேறிய தாளைக் கரையானுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார் என்பதுதான் காரணம்.

சினிமாவில் நமக்கு அந்த அதிர்ஷ்டமும் கிடைக்கவில்லை. மலையாளத்தின் முதல் கதாநாயகி பி.கே. ரோசி தலித் பெண். ஜே.சி. டேனியலின் 'விகதகுமாரன்' என்ற மௌனப்படத்தில் நாயர் பெண்ணாக நடித்ததற்காக அவரைத் தாக்கித் துரத்தினார்கள். அவர் தமிழ்நாட்டுப் பக்கம் வந்து பெயர் தெரியாமல் வாழ்ந்து மறைந்தார். அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. பெயரை மீட்டுவிட்டோம், படத்தை இனி மீட்க முடியாது.

யூடியூபில்தான் இருக்கிறதே, அது எங்கே போய்விடும் என்று கேட்பீர்கள். அது வாடகை வீடு, தோழர்களே. பின்னணியில் ஓடிய ஒரு சினிமாப் பாட்டுக்கு உரிமைப் புகார் வரலாம். தொண்ணூறு நாளுக்குள் மூன்று முறை அப்படி நடவடிக்கைக்கு உள்ளானால் சேனலையே மூடும் விதி அங்கே இருக்கிறது. கணக்கு வைத்திருந்த நண்பன் வேலை கிடைத்து வெளிநாடு போய்விடுவான், கடவுச்சொல் அவனோடு போய்விடும். அங்கே இருப்பதும் சுருக்கப்பட்ட படிதான், மூலப்படி அல்ல. மூலப்படி எங்கே என்று நீங்கள் படம் எடுத்த எந்த மாணவரையும் கேட்டுப் பாருங்கள். "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சுண்ணா" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

இதோ இந்தக் கடற்கரையையே எடுத்துக்கொள்வோம். நொச்சிக்குப்பம், டுமிங்குப்பம், சீனிவாசபுரம் என்று சுனாமியைக் கண்ட தெருக்கள். நகரத்துக்குள் இருந்த எத்தனையோ குடிசைப் பகுதிகளைப் பெயர்த்துக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். வீடு இடிபடும் அன்று யாரோ ஒரு பையன் செல்போனில் எடுத்திருப்பான். ஐம்பது வருடம் கழித்து இந்த நகரத்தின் வரலாறு எழுதப்படும்போது அந்தப் பதிவுதான் நம் தரப்புச் சாட்சி. அது இல்லையென்றால் இடித்தவர்களின் கோப்பு மட்டும்தான் இருக்கும்.

செய்ய வேண்டியவை

பெரிய நிதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஐந்து வேலைகளைச் சொல்கிறேன். ஐந்தையும் இந்த அரங்கில் இருப்பவர்களே செய்யலாம்.

முதலாவது, மூலப்படியைக் காப்பது. ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பிரதிகள், இரண்டு வேறு வகைச் சேமிப்பில், அதில் ஒன்று வேறு ஊரில். ஆவணக் காப்பாளர்கள் பின்பற்றும் எளிய விதி இது. சென்னையில் வெள்ளம் வந்தால் மதுரையில் ஒன்று இருக்கும். வருடத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்து, பழைய டிஸ்க்கிலிருந்து புதியதுக்கு மாற்ற வேண்டும்.

இரண்டாவது, எழுத்தில் அனுமதி. இசை அமைத்தவர், நடித்தவர், பேட்டி கொடுத்தவர், எல்லோரிடமும் ஒரு பக்கக் கடிதம். சினிமாப் பாட்டுக்குப் பதிலாக நம் பறைக் கலைஞர்களையும் கானா பாடும் தம்பிகளையும் கேளுங்கள். அவர்களுக்குப் பணமும் பெயரும் கொடுங்கள்.

மூன்றாவது, சப்டைட்டில். இந்த அமைப்பில் மொழி தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டால் ஒரு வருடத்தில் இருபது படம் முடியும். ஊருக்கும் சேரிக்கும் என்ன சொல் போடுவது என்று கூடிப் பேசி ஒரு சொற்பட்டியல் தயாரியுங்கள்.

நான்காவது, தேர்வும் விமர்சனமும். எல்லாவற்றையும் பாராட்டுவது அன்பாகாது. நம் சிற்றிதழ்கள் இதழுக்கு ஒரு குறும்படத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கட்டும். எது ஏன் நன்றாக இருக்கிறது, எது ஏன் சரியாக வரவில்லை என்று எழுதட்டும். 

ஐந்தாவது, கூடிப் பார்ப்பது. ஆர்.பி. அமுதன் 1998 முதல் மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழா நடத்திவருகிறார். பெரிய அரங்கம் இருந்தால்தான் முடியும் என்று அவர் காத்திருக்கவில்லை. நமக்கு ஒரு சுவர், ஒரு புரொஜெக்டர், முப்பது நாற்காலி போதும். மாதம் ஒரு முறை மூன்று படம். ஒன்று நம்முடையது, ஒன்று வேறு மாநிலத்துடையது, ஒன்று வெளிநாட்டுடையது. படம் எடுத்தவர் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். யூடியூபில் பின்னூட்டம் போடுபவன் முகம் காட்டுவதில்லை. இங்கே கேள்வி கேட்பவர் முகம் தெரியும். திட்டுகிறவரும் டீ குடித்துவிட்டுத்தான் போவார்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணை வைத்து அதன் மதிப்பைக் கணக்கிடாதீர்கள். 'ஒரு பைசாத் தமிழன்' முதல் இதழ் எத்தனை பேர் கைக்குப் போயிருக்கும்? நூறு வருடம் கழித்து அதை நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அதே சமயம், காக்காமல் விட்டால் கோடிப் பேர் பார்த்த படமும் நாளைக்கு இல்லை.

அமைப்பின் தோழர்களுக்கு ஒரு கோரிக்கை. அடுத்த ஆண்டு இதே நினைவு நாளுக்குள், தமிழில் நம் பிள்ளைகள் எடுத்த குறும்படங்களின் ஒரு பட்டியலை அச்சிடுங்கள். படத்தின் பெயர், எடுத்தவர், ஆண்டு, ஓடும் நேரம், மூலப்படி யாரிடம் இருக்கிறது என்ற ஐந்து விவரம் போதும். முதல் பதிப்பு நான்கு பக்கம்தான் வரும் என்றால் நான்கு பக்கமே வரட்டும். பண்டிதரும் நான்கு பக்கத்தில்தான் தொடங்கினார்.